குழாய்ப் படம் போட்ட குமிழ்

டிசம்பர் 2

அப்புத்தளையில் இன்று வெயிலே வரவில்லை. மத்தியானமும் மூடுபனி. சாருடைய அறைச் சுவரில் பூட்டியிருக்கும் இரும்புப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. றிச்சர்ட் சாருக்கு வலது பக்கம் வாதம் வந்ததிலிருந்து குளிர் ஆகவே ஆகாது. சுவிஸில் இருக்கும் மகள்தான் இந்தப் பொயிலரை வாங்கிப் பூட்ட வைத்தாராம். பின்வராந்தாவில் தொங்குகிறது, கேஸில் எரிகிறது. அதில் இரண்டு குமிழ்கள். பலகைப் படம் போட்டது, அறைப் பலகைகளுக்குள் ஓடிச் சூடேற்றும் தண்ணீருக்கு. குழாய்ப் படம் போட்டது குளிக்கிற தண்ணீருக்கு. சாரைப் பார்த்துக்கொள்வதோடு, காலையில் அதன் அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து அவர் மனைவி ஜெபமலர் டீச்சரிடம் சொல்வதும் என் வேலை. குமிழைத் தொடும் வேலை எனக்கு இல்லை.

இன்று பின்பக்கக் குளியலறையில் வெந்நீரில் குளித்தேன்.

குளிக்காதே என்று டீச்சர் சொன்னதில்லை. குளி என்றும் சொன்னதில்லை. துணி துவைக்கும் வெளித்தொட்டியில்தான் நான் குளிக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 3

இன்றும்.

டிசம்பர் 8

எழுதினாலாவது மனம் ஆறுமா என்று பார்க்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குத் தண்ணீர் தரும் பீலி பாதையை ஒட்டி இருக்கிறது. நெஞ்சுக்கு மேல் துணியைக் கட்டிக்கொண்டு குனிந்தபடியே குளிக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், எல்லோரும் அந்த வழியாகத்தான். பத்தாம் ஆண்டில் என்னோடு படித்த பையன்களும் அந்த வழியாகத்தான் போவார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு அவர்கள் யூனிபோமில் போவார்கள், நான் ஈரத்துணியில் நிற்பேன். வெந்நீர் என்றால் பிள்ளை பெற்றவளுக்கு, வயதுக்கு வந்தவளுக்கு. எனக்கும் ஒரு முறை ஊற்றினார்கள். அதோடு சரி.

இங்கே குளியலறைக்குக் கதவு இருக்கிறது. தாழ்ப்பாள் இருக்கிறது. நிமிர்ந்து நின்று குளிக்கலாம். முதல் நாள் அழுகையே வந்துவிட்டது.

ஆனால் பின்குளியலறைதான் கடைசிக் குழாய். சூடு வந்து சேர நேரமாகும். அதுவரை தண்ணீர் ஓடும் சத்தம் டீச்சருக்குக் கேட்குமோ என்று கதவில் காதை வைத்தபடி நிற்பேன். அதனால் இன்று காலை முள்ளைப் பார்க்கப் போனபோது குழாய்ப் படம் போட்ட குமிழைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டேன். இப்போது கொதிக்கக் கொதிக்க வருகிறது. கொஞ்சம் எடுத்துப் பச்சைத்தண்ணீரைக் கலந்தால் போதும்.

திரும்பக் குறைத்து வைக்க வேண்டும். நாளைக்கு.

டிசம்பர் 11

குறைக்கவில்லை. பொயிலர் முன்னைவிட அடிக்கடி 'டுப்' என்று பற்றிக்கொள்கிறது. யாரும் குழாயைத் திறக்காத நேரத்திலும்.

டிசம்பர் 16

சிலிண்டர் சீக்கிரமே முடிந்துவிட்டது. டீச்சர் குசினிக்கு வந்து எங்கள் இரண்டு பேரிடமும் கேட்டார். வெந்நீர் எங்கே போகிறது? நான் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். பெரியாயி அத்தை துணிவாளியோடு வாசலில் நின்றார். அத்தை எங்கள் லயத்துக்காரர். தினமும் பெரகலவிலிருந்து பஸ்ஸில் ஏறி வந்து துணி துவைத்து வீடு துடைத்துவிட்டுப் போவார். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்: "கை வெடிக்குது, ஒரு வாளி வெந்நி தாங்கன்னு போன மாசம் கேட்டப்பவே வேணாம்னுட்டீங்க. கேட்டே கெடைக்கல. கேக்காம எடுப்பேனா டீச்சர்?"

டீச்சர் சிரிக்கவில்லை. அத்தை கேட்டது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போல இருந்தது.

நான் போஞ்சியிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

டிசம்பர் 22

எப்படி எழுதுவது.

நேற்று மறுபடியும் கேஸ் முடிந்தது. நத்தார்ப் பண்டிகை நெருங்குவதால் டவுனில் எந்தக் கடையிலும் சிலிண்டர் இல்லை. இருக்கிற போர்வை எல்லாவற்றையும் சாருக்குப் போர்த்தினோம். அவருக்குக் குளிர்கிறது என்று சொல்லவும் வாய் சரியாக வராது. உதடு நீலமாகிவிட்டது. விடிந்ததும் டொக்டர் வந்து, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இன்னொரு நாள் இப்படி விட்டால் ஆபத்து என்று சொல்லி ஊசி போட்டார். டீச்சர் அழுததை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தார். டீச்சர் முற்றத்திலேயே அவரை நிறுத்திக் கேட்டார். அத்தை ஒரே ஒரு தடவை, "நான் எடுக்கலங்க டீச்சர்" என்றார். டீச்சர் விடவில்லை. சத்தம் போட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். 

எனக்குத் தெரியும், அது தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துப் பழக்கம். காலையில் கங்காணி ஏசும்போது எதிர்த்து ஒரு சொல் சொன்னால் அன்றைக்கு வேலை இல்லை. செய்தவளும் தலையைக் குனிவாள், செய்யாதவளும் குனிவாள். அம்மா அப்படித்தான். நானும் அப்படித்தான். டீச்சர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு அது தெரியாது.

"முப்பது வருசமா பிள்ளைகளப் பாத்தவ நான். தல குனிஞ்சா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நாளையிலருந்து வராதீங்க."

நான் சாருடைய கஞ்சிக் கோப்பையோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். ரெண்டே எட்டு வச்சா முற்றம். வாயே வரல. வரவே இல்ல. அத்தை ஒரு தரம் கதவுப் பக்கம் பார்த்தாங்க. நான் கோப்பையப் பார்த்தேன்.

பின்னேரம் டீச்சருடைய தம்பி பண்டாரவளையிலிருந்து சிலிண்டர் கொண்டுவந்தார். பூட்டியதும் குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பினேன். யாரும் பார்க்கவில்லை. கூட்டி வைத்ததையும் யாரும் பார்த்திருக்கவில்லை.

டிசம்பர் 25

சாருக்குக் காய்ச்சல் விட்டது. டீச்சர் எனக்குப் புது உடுப்பு தந்து, போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். "நீ இருக்கிறதாலதான் சமாளிக்கிறேன்" என்றார்.

உடுப்பு அளவாகத்தான் இருக்கிறது. உடம்பெல்லாம் கூசுகிறது.

டிசம்பர் 29

வெளித்தொட்டியில் பச்சைத்தண்ணீரில் குளிக்கிறேன். துணியும் இப்போது நான்தான் துவைக்கிறேன்.

ஜனவரி 9

கேஸ் இன்னும் முடியவில்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? டீச்சர் மகளோடு போனில் பேசினார். நான் சாருக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தேன். "பாத்தியா, அவ போனதும் கேஸ் நிக்குது. நான் சொன்னா நீ நம்பல."

குமிழைக் குறைத்து வைத்தால் நான் செய்தது சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போது அதுவே அத்தைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நானே செய்து கொடுத்த சாட்சி.

ஜனவரி 10

இன்று காலை குமிழை மறுபடியும் கடைசி வரைக்கும் திருகினேன். அத்தை இல்லாதபோதும் கேஸ் சீக்கிரம் முடிந்தால் டீச்சருக்குப் புரியுமே என்று. வாயைத் திறக்காமலே உண்மை வெளியே வந்துவிடுமே என்று.

பிறகு சாருக்கு உடம்பு துடைக்கப் போனேன். என் கை குளிர்ந்து இருந்ததால் அவர் தோளைச் சுருக்கிக்கொண்டார். அந்த நீல உதடு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் குறைத்துவிட்டு வந்தேன்.

சாரைக் குளிரில் போட்டாவது நான் பேசாமல் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன். என்ன ஜென்மம் நான்?

ஜனவரி 15

பொங்கலுக்கு லீவு. நேற்று வீட்டுக்குப் போனேன். லயத்தில் அத்தையை 'வெந்நி ராணி' என்று கூப்பிடுகிறார்களாம். பீலியில் அவர் தண்ணீர் பிடிக்க வந்தால், "என்ன ராணி, இன்னைக்கு பச்சத்தண்ணியா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். அம்மா அதைச் சொல்லிவிட்டு, "எடுத்திருந்தாலும்தான் என்ன, வயசான கை" என்றார். எடுத்திருந்தாலும் என்கிறார். அம்மாவும் நம்பிவிட்டார்.

இன்று பெரகலவில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே தேத்தண்ணிக் கடையின் பின்பக்கம் அத்தையைக் கண்டேன். கோப்பை கழுவுகிறார். அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

"சாருக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல அத்த."

"கேஸு?"

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன். அத்தை கோப்பைகளைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"உந் துணியத் தொவச்சதும் நானு, பின்னால குளிக்கிற ரூமத் தொடச்சதும் நானு. செவுரெல்லாம் ஈரம், ஆவி. எனக்குத் தெரியாதா புள்ள?"

"அப்ப ஏன் அத்த டீச்சர்கிட்ட..."

"சொன்னா உன்ன அனுப்பிருவாங்க. கூட்டியாந்தது யாரு? நானு. திருடியக் கூட்டியாந்தவன்னு எனக்கும்தான் பேரு." கடைசிக் கோப்பையையும் கவிழ்த்துவிட்டு, "நீ சொல்லுவேன்னு நெனச்சேன். கதவுகிட்டதான நின்ன" என்றார்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். மன்னிச்சிருங்க என்றுகூடச் சொல்லவில்லை.

ஜனவரி 20

சொல்லிவிட்டேன்.

பொயிலரைப் பார்க்க ரிப்கான் அண்ணன் வந்திருந்தார். கேஸ் கடையிலிருந்து வந்து அதைப் பூட்டியவர். டீச்சர் பக்கத்தில் நின்று, எப்படி வைத்தால் கேஸ் இன்னும் மிச்சம் என்று கேட்டார். அவர் பொயிலரின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சின்னதாக ஒரு தொட்டி. குழாயைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், குமிழில் வைத்த சூடு குறையாமல் பார்க்க அது விட்டு விட்டு எரிந்துகொண்டே இருக்குமாம். கூட வைத்தால், குளிர்ந்த வராந்தாவில் அந்தச் சூடு சும்மா போகும். "கொதிக்க வச்சு, பொறகு பச்சத்தண்ணி கலந்து குளிக்கிறது எதுக்கு டீச்சர்? கலக்காம குளிக்கிற சூட்டுல வைங்க." அறைக் குமிழையும் கொஞ்சம் இறக்கினார். பலகைகளிலிருந்து திரும்பி வரும் பைப்பைக் கையால் பிடித்துப் பார்த்து, சுடாமல் வெதுவெதுப்பாக இருந்தால்தான் கேஸ் வீணாகவில்லை என்றார்.

பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "டிசம்பர்ல அப்பிடி முடிஞ்சிருக்குன்னா, யாராவது இதக் கடைசி வரைக்கும் திருகி இருக்கணுமே?"

"இங்க துணி தொவைக்க வந்தவ ஒருத்தி" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"நாந்தாங்க டீச்சர்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "அத்த இல்ல. நாந்தான் திருகினேன். நாந்தான் குளிச்சேன்." குனிந்த தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். நிமிர்ந்ததும் அவர் முகம் தெரிந்தது. குனிந்தே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது.

ரிப்கான் அண்ணன் மூடியைப் பூட்டுவதில் மும்முரமானார். டீச்சர் அவரை வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். பிறகு மெதுவாக, "அந்தப் பொம்பள தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னாளே" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னது போல இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்னயும் அனுப்பணும். அனுப்பிட்டு சாரத் தூக்க நான் யாரத் தேடுவேன்? போ, கண்ணு முன்னால நிக்காத."

ஜனவரி 21

டீச்சர் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் எனக்கு எடுத்து வைத்திருந்தார்.

ஜனவரி 26

ஞாயிற்றுக்கிழமைக் கோயில் முடிந்து வந்ததும் டீச்சர் திரீவீல் பிடித்தார். சாருக்குத் துணையாகத் தம்பியை இருக்கச் சொல்லிவிட்டு என்னையும் ஏற்றிக்கொண்டார். பெரகலவுக்கு.

அத்தை கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். டீச்சர் கடைக்குள் போய் உட்கார்ந்து தேத்தண்ணி சொன்னார். அத்தை எங்களைக் கண்டார், ஆனால் எழுந்து வரவில்லை. தொட்டியில் கிடந்த கோப்பைகள் எல்லாம் முடியும் வரை கழுவினார். டீச்சர் ஆறிப்போன தேத்தண்ணியை வைத்துக்கொண்டு அதுவரை காத்திருந்தார். கடையில் எங்கள் லயத்து ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும் டீச்சர் எழுந்து நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினார்.

"பெரியாயி, நீங்க எடுக்கல. நான் பிழையா நெனச்சிட்டேன். வாங்க."

யார் எடுத்தது என்று டீச்சர் சொல்லவில்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என்னைச் சொல்லாமல் விட்டதுதான் தாங்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "நாந்தான் எடுத்தேன்" என்றேன். கடையில் யாரோ 'அடியே' என்றார்கள். இனி பீலிக்குப் போனால் ராணி நான்தான்.

அத்தை டீச்சரைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த வாரம் திங்கக்கெழம வாறேன். இவகிட்ட என்னயப் பேசச் சொல்லாதீங்க."

பிப்ரவரி 3

அத்தை வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் டீச்சர் ஒரு வாளி வெந்நீர் வைத்திருந்தார். அத்தை என்னைத் தாண்டிப் போனார், நான் யாரும் உட்காராத ஒரு கதிரை என்பது போல.

பிப்ரவரி 7

பேசவில்லை. அத்தை நிற்கும் இடத்தில் நான் நிற்பதில்லை. பின்குளியலறையில் குளிக்கச் சொல்லி டீச்சர் வாய்விட்டே சொல்லிவிட்டார். என்னால் இன்னும் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை.

பிப்ரவரி 19

இன்று வெயில். சாருடைய கட்டில் விரிப்புகளையெல்லாம் அத்தை துவைத்தார். பெரிய விரிப்பு, நனைந்தால் ஒரு ஆளால் பிழிய முடியாது. கொஞ்ச நேரம் தனியாகவே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் ஒரு முனையை நீட்டினார்.

ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அவசரத்தில் அவர் முறுக்கிய பக்கமே நானும் முறுக்கினேன்.

"அந்தப் பக்கம் இல்ல" என்றார்.

மாற்றி முறுக்கினேன். தண்ணீர் இரண்டு பேருடைய காலிலும் ஊற்றியது.