குழியில் விழாத பேனா

அன்பு மகனுக்கு,

இங்கே நான், உன் அம்மா, அக்கா வீட்டார் எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார எழுதுகிறேன், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை போனில் நீ கத்தினாய், நான் கத்தினேன், உன் அம்மா இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக் கத்தினாள். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை வராது, இருமல்தான் வரும். எழுதினால் இருமல் குறுக்கே வராதே என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் என் மானம் போன கதையைக் கேள். நீ அனுப்பிய பேனாப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு எங்கள் பேனா சங்கத்துக்குப் போனேன். தையல்கடைக்கு மேலே மின்விசிறி கிரீச்சிடுகிற அந்த அறைக்குள் புது மாப்பிள்ளை மாதிரி நுழைந்தேன். ஒருத்தரும் பெட்டியைப் பார்க்கவில்லை, எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். கீழுதடு முழுக்க நீலம். நிப்பில் மை வருகிறதா என்று உதட்டில் தொட்டுப் பார்க்கிற என் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் ஏன் எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாங்கின பேனாவுக்கெல்லாம் ரசீது வைத்திருப்பதால் நாங்கள் ரசீது என்றே கூப்பிடுகிற ஆள், "என்னய்யா, எழுதறதை விட்டுட்டுக் குடிக்கவே ஆரம்பிச்சிட்டீரா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. சங்கத் தலைவர் பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்தார், மூடியில் ஒட்டியிருந்த முத்திரை கிழிந்திருப்பதைப் பார்த்தார், திரும்ப என் உதட்டைப் பார்த்தார், "இதுக்குள்ளயா மை ஊத்தினீங்க?" என்று கேட்டார். குழந்தையின் பால் புட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றினவனைக் கேட்கிற குரல். நான் விடுவேனா? "ஆமா சார், என் பையன் நான் எழுதறதுக்குன்னு அனுப்பினது, பூட்டி வைக்கறதுக்கு இல்ல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதைக் கேட்டதும் டாக்டர்கூட என் தோளைத் தட்டி, "கொடுத்து வச்சவர்" என்றார். ரசீது எடுத்த படத்தை நானே பெருமையாக உனக்கு அனுப்பினேன், நீல உதட்டோடு. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே ஒருமுறை படித்துப் பார். "யாரு உங்களைத் திறக்கச் சொன்னது? முத்திரை கிழிஞ்சாலே பாதி போச்சு, மை பட்டா மிச்சமும் போச்சு. உங்க பீரோல இருந்தா பத்திரமா இருக்கும்னுதானே அனுப்பினேன். உங்களுக்கு அதோட மதிப்பு தெரியாதுப்பா." அதாவது அது எனக்கு வந்த பேனா இல்லை. விலை ஏறும்வரை என் பீரோவில் தூங்க வந்த விருந்தாளி. சரி, நான் கேட்கிறேன், அதை ஒரு வார்த்தை சொல்வதற்கு உன் நாக்கில் என்ன சுளுக்கா? உன் சிநேகிதர் வந்து பெட்டியைக் கையில் கொடுத்து, "உங்க பையன் கொடுத்தான்" என்றதோடு காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வந்தது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அதே வாரம். ஆபீசில் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், இனிமேல் நேரம் பார்த்து என்ன செய்யப் போகிறேன் என்று நினைத்தார்களோ. அதை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தபோது உன் பெட்டி வருகிறது. உள்ளே பேனா. எந்த அப்பன் என்னவென்று நினைப்பான்? நீ போனில் "பெட்டி வந்துச்சா" என்றாய், நான் "வந்துச்சு" என்றேன். நன்றியை அதே பேனாவால் எழுதி அனுப்பி உன்னை அசத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அசந்தது நான்தான்.

மதிப்பு தெரியாது என்றாயே, அதுதான் இன்னும் தொண்டையில் மீன் முள்ளாய் நிற்கிறது. நான் படித்தது கொஞ்சம். முப்பது வருஷத்துக்கு மேல் லிஃப்ட் மெக்கானிக்காக மேலேயும் கீழேயும் போய்வந்து எங்கேயும் போய்ச் சேராதவன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேனா தெரியாது என்று என்னைச் சொல்லாதே. பழைய கறுப்பு ரப்பர் பேனா வெயில் பட்டால் ஏன் பச்சையும் பழுப்புமாய் மாறுகிறது என்று கேள், சொல்கிறேன். அதைப் பளபளக்கத் தேய்த்தால் அதன்மேல் வெட்டின கோடுகளும் எழுத்தும் சேர்ந்தே போய்விடும் என்பதும் தெரியும். முதலில் தொட்டுத் தொட்டு எழுதினார்கள். பிறகு சொட்டுக்குழாயால் உள்ளே ஊற்றினார்கள். அப்புறம் பக்கத்தில் ஒரு நெம்புகோல் வைத்து ரப்பர் பையில் உறிஞ்சவிட்டார்கள், அதற்கப்புறம் பின்பக்கத்தைத் திருகினால் தானே குடிக்கிற மாதிரி செய்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாய் இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் சட்டையில் ஒழுகாமல் மை தாளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். உங்கள் காலத்து மகா கண்டுபிடிப்பு என்ன? மையே ஊற்றாதே. மூடி வளையத்தில் நம்பர் வெட்டி, இத்தனைக்குமேல் செய்யமாட்டோம் என்று சத்தியம் பண்ணி, பட்டுத் துணியில் படுக்க வைத்து முத்திரை குத்துகிறார்கள். பழைய பேனா எழுதி எழுதி ஓய்ந்து, தப்பிப் பிழைத்து அரும்பொருள் ஆனது. இதைப் பிறக்கும்போதே பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்கிறார்கள். தங்க நிப்பை ஏன் அவ்வளவு நயமாகத் தேய்த்தான் அந்தத் தொழிலாளி? பூட்டி வைக்கவா?

உன் அம்மா உன் கட்சி. "பிள்ளை ஒரு பொருளைக் கொடுத்தா என்ன ஏதுன்னு கேக்காம மையை ஊத்துவீங்களா, நல்லவேளை உங்ககிட்ட மாவு மிஷின் குடுக்கல" என்கிறாள். நீ வீடு வாங்கத்தான் இப்படி ஒவ்வொன்றாய் வாங்கி வைக்கிறாய் என்று அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, அவளும் சொல்லவில்லை. அம்மாவும் பிள்ளையும் ரகசியம் பேசலாம், நான் மட்டும் இந்த வீட்டில் பீரோ. முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பெட்டிமேல் பாயைப் போட்டுப் படுத்துக் காவல் காத்திருப்பேனே. உன் அக்காவோ யார் கட்சியும் இல்லை, அவள் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் மட்டும் அப்பா ஞாபகம் வரும். நேற்றுக்கூடப் போய்ப் பார்த்தேன், கதவுச் சட்டத்தில் சின்னப் பையனின் செருப்பு சிக்கியிருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பேனாவை உன் சிநேகிதர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். தண்ணீர் தெளிவாய் வரும்வரை கழுவி, நிழலில் காயவைத்துத்தான் வைத்தேன். பச்சைத் தண்ணீரில்தான் கழுவினேன், பயப்படாதே. நீ ஒருவேளை கழுவுவதாக இருந்தால் வெந்நீர் மட்டும் ஊற்றித் தொலைக்காதே. முத்திரையை என்னால் ஒட்ட முடியாது. ஒட்டிப் பார்த்தேன், கோந்து வழிந்து இன்னும் அசிங்கமானதுதான் மிச்சம். வாங்குகிறவனிடம் உள்ளதைச் சொல்லி விற்பனை செய், ஒரு கிழவன் நாலு வரி எழுதிவிட்டான் என்று சொல். சங்கத்தில் அடுத்த மாதம் கண்காட்சி, உன் பேனாவை நடு மேசையில் 'மகன் தந்தது' என்று அட்டை எழுதி வைக்கப்போவதாக டாக்டர் முடிவே செய்துவிட்டார். நேற்று போய், நிப் என் கைக்குச் சரிவரவில்லை, பையனிடமே மாற்றித் தரச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். ரசீது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உம்ம கைக்கு ஒத்துவராத நிப்பும் உலகத்துல இருக்கா?" என்றார். நான் இருமினேன். உன்மேல் எனக்குள்ள கோபம் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், ஊர் வாயில் நீ விழ வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. முதுகு வலி என்றாயாமே, நாற்காலியை மாற்று, பேனாவை விற்றாவது மாற்று. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, இப்போது என் சட்டையில் இருக்கிற மைக்கறை எல்லாம் தெளிவாய்த் தெரிகிறதாம். வீடு நல்லபடியாக அமையட்டும். நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், இதையும் கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் பலிக்கும். இந்த மாதம் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதே, என்னையும் கூப்பிடச் சொல்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் முழுதாக ஆறாத
உன் அப்பா

பின்குறிப்பு: "வீட்ல அத்தனை பேனா இருக்கே, இதைப் போய் ஏம்பா திறந்தீங்க?" என்று கடைசியாகக் கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. லிஃப்ட் பெட்டிக்கும் மாடித் தரைக்கும் நடுவே விரலளவு சந்து இருக்கும், நீ பார்த்திருப்பாய். சட்டைப் பையிலிருந்து நழுவுகிற பேனா அது வழியாக அடிக்குழிக்குப் போய்விடும். கிரீஸில் கிடந்ததை எடுத்து மாடி மாடியாய்க் கேட்பேன், யாரும் என்னுடையது என்று சொல்லாததை வைத்துக்கொள்வேன். மிச்சம் பழைய ஆபீஸ்களைக் காலி செய்யும்போது குப்பையில் வீசியது. என் பெட்டியில் இருப்பதெல்லாம் யாரோ தவறவிட்டது, யாரோ வேண்டாம் என்றது. இது ஒன்றுதான் எனக்கென்று ஒருத்தர் கொடுத்தது என்று நினைத்துத்தான் திறந்தேன்.