அவள் தொட்ட கண்கள்

ஜூலை 3, திங்கள்

இருபத்திரண்டு பேரின் கண்ணிலிருந்து எடுத்த மாதிரிகள். எதிலும் வைரஸ் இல்லையாம்! ஊரே கண் சிவந்து திரிகிறது, எங்கள் ஆய்வகத்துக்கு மட்டும் தெரியவில்லை. கண் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் மனைவிக்கும் நேற்றிலிருந்து சிவப்பு. துண்டு, தலையணை எல்லாம் தனி; நானும் மூன்றடி தள்ளியே. “கல்யாணமான புதுசுலகூட நீங்க இப்படி வெக்கப்பட்டதில்ல” என்கிறாள்.

ஜூலை 6, வியாழன்

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். போன வருடம் பரவிய வைரஸையே இந்த வருடமும் தேடிக்கொண்டிருந்தோம். இன்று அடினோ என்ற வேறொரு வைரஸுக்குச் சோதித்தேன். இருபத்திரண்டில் பதினெட்டில் இருக்கிறது!

ஜூலை 8, சனி

அந்தப் பதினெட்டுப் பேரில் பதினொருவர், கண் சிவப்பதற்கு ஒரு வாரம் முன்பு, நல்ல கண்ணோடு அவள் மருத்துவமனைக்குப் போய்க் கண் அழுத்தம் பார்த்துக்கொண்டவர்கள். அங்கே அழுத்தம் பார்ப்பது அவள் ஒருத்திதான். கண்ணைத் தொடும் கருவியின் முனையை ஒவ்வொருவருக்குப் பிறகும் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள். சொல்லிக்கொடுத்தது அப்படி. இந்த வைரஸ் அதற்கெல்லாம் அசையாது.

முனையை ஒற்றி ஒரு மாதிரி எடுத்து வரச் சொன்னேன்.

ஜூலை 10, திங்கள்

முனையிலும் அதே வைரஸ். எப்படிச் சொல்வேன்?

ஜூலை 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அறிக்கையில் ‘கருவி’ என்று மட்டும் போடட்டுமா என்றேன்.

“தொடச்ச விதம்தான் தப்புன்னு அப்ப யாருக்குத் தெரியும்? எழுதுங்க. நான்தான் தொடச்சேன்.”

பிறகு உட்கார்ந்து அழுதாள். நானோ மூன்றடி தள்ளி, மரம் மாதிரி — சே, என்ன மனுஷன்யா நான்? போய்க் கண்ணைத் துடைத்துவிட்டேன். உடனே எழுந்து இரண்டு தடவை சோப்பு போட்டுக் கை கழுவினேன். அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

ஜூலை 15, சனி

அறிக்கை போய்விட்டது. இனி முனையை ப்ளீச் கரைசலில் ஊறப்போட வேண்டும். அவளை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களோ?

ஜூலை 22, சனி

எடுக்கவில்லை. அவள் கண்ணும் தெளிந்துவிட்டது. ஆனால் முகம் தெளியவில்லை. பதினொரு பேருக்கும் தானே போன் செய்தாள், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க. நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் பாதியில் வைத்துவிட்டார்.

கடைசியாக ஒரு பெரியவர், தையல்காரர். பத்து நாளாக ஊசியில் நூல் கோக்க முடியாமல் கடையை மூடி வைத்திருந்தவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“மறுபடி எப்பம்மா அழுத்தம் பாக்க வரணும்?”

“செவ்வாய்க்கிழமைங்கய்யா.”

“வேற ஆள மாத்திடலையே? நீதானே பாப்ப?”

அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தாங்கய்யா” என்றாள்.