அப்பா அடிக்காத மேளம்

ஜூன் 14

பாட்டு வெளியாகிவிட்டது. நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். இரண்டும் ஒரே நாளில் நடக்கும் என்று நினைக்கவில்லை.

அண்ணன் தனேஷ் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கடைசி லோரி'. சரக்கு ஏற்றுமே, அந்த லோரி. உனக்கு என்ன பெயர் வேண்டும் என்றான். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே என்று 'பூனை' என்றேன். ஆக, பாடியவர்கள்: கடைசி லோரி, பூனை. அம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

சனிக்கிழமைகளில் நான் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கணக்கு டியூஷன் போவதாக அப்பா நம்புகிறார். போவது பூமாலைக் கடைக்கு மேலே இருக்கும் அண்ணனின் அறைக்கு. போர்வைக்குள் மைக்கோடு உட்கார்ந்து பாடினேன். கோழி அவிவது போல அவிந்தேன்.

*ஊர்ச் சாவுக்கெல்லாம் உறுமி அடிச்ச கை
அம்மா போன அன்னிக்கு எங்கே போச்சு?*

அப்பாவைக் கேட்கும் பாட்டு. அப்பாவின் உறுமி மேளக் குழுவை இந்தப் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. போன வருடம் அம்மாவின் சவ ஊர்வலத்தில் குழு முழுக்க அடித்தது. அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். "நீங்க என்ன கட்டையா?" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினான். அன்றே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் பெயரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்றார் அப்பா. அதோடு சரி.

தெரிந்தால்? டியூஷன் போச்சு. அண்ணனும் போச்சு. எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

ஜூன் 19

பாட்டைக் கேட்டவர்களில் பாதிப் பேர் நான்தான்.

ஜூன் 25

வகுப்பில் பக்கத்து நாற்காலி லெட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் காதில் இயர்போனைச் செருகினாள். "யாருடி இந்தப் பூனை? கேட்டாலே அழுகையா வருது."

சளி பிடித்த குரல் மாதிரி இருக்கிறது என்றேன். எனக்கு ரசனையே இல்லையாம். ஓய்வு நேரம் வரைக்கும் பேசவில்லை. கழிவறையில் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். பிறகு கொஞ்சம் அழுகை. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 28

முடிந்தது கதை.

குழுவில் தவில் அடிக்கும் ஜெயராஜ் அண்ணன் வந்தார். "அண்ணே, இந்தப் பாட்டு இப்ப செம ஹிட். ஆடித் திருவிழாவுக்கு உறுமில போட்டா பசங்க பறப்பாங்க லா." எந்தப் பாட்டு? வேறு எந்தப் பாட்டு! நல்லவேளை, எங்கள் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டு வந்தால் முதலில் வார்த்தையோ குரலோ அவர் காதில் ஏறாது. கைக்குப் பழகும்வரை தாளத்தை மட்டும்தான் கேட்பார். அந்த ஒரு வழக்கத்தில்தான் என் உயிர் தொங்குகிறது.

ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். போட்டேன். பூனை தன் கழுத்தில் தானே மணியைக் கட்டிக்கொண்டது.

ஜூலை 1

ஸ்பீக்கர் சார்ஜரை அரிசி வாளிக்குள் ஒளித்தேன். ஜெயராஜ் அண்ணன் வேறு கொண்டு வந்தார். பாட்டை எடுத்துவிட்டார்களாம் என்றேன். அவர் தன் போனில் போட்டுக் காட்டினார். கடைசியாக, செலாயாங் குழு இதே பாட்டை ஏற்கெனவே பழகிக்கொண்டிருப்பதாக ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். "செலாயாங்காரனா? அப்ப நாம விடக்கூடாது."

நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

ஜூலை 5

அண்ணனிடம் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் முகம் வெளுத்தது. வார்த்தையைக் கேட்டுவிட்டாரா என்றான். இன்னும் இல்லை என்றேன்.

கிதாரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான்: "நல்லா அடிக்கிறாரா?"

"உன்னைவிட."

கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை.

ஜூலை 9

போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

வீட்டு முன்னால் ஒத்திகை. நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நடுவில் உறுமி நின்றது. அப்பா பாட்டை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். இந்த முறை யாரும் அடிக்கவில்லை. அண்ணன் குரல், என் குரல், கடைசிவரை ஓடியது. இன்றைக்குப் போதும் என்று அப்பா எல்லாரையும் அனுப்பினார்.

உள்ளே வந்தார். தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"ரெண்டாவது சரணத்துல உனக்கு மூச்சு பத்தல."

அவ்வளவுதான். போய்ப் படுத்துவிட்டார். ஐயோ அம்மா, நான் என்ன பண்ணுவேன்?

ஜூலை 10

எதுவும் நடக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. காலையில் நாசி லெமாக் சோறு வாங்கி வைத்திருந்தார், முட்டை கூடுதலாக. தூக்கில் போடுவதற்கு முன் இப்படித்தான் கொடுப்பார்களாம்.

ஜூலை 12

டியூஷனுக்குக் கிளம்பினேன். அப்பா வேன் சாவியோடு நின்றார். தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்க ஸ்டீயரிங்கில் அந்தப் பாட்டின் தாளத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். தாங்க முடியாமல், டீச்சருக்குக் காய்ச்சல் என்று மெசேஜ் வந்திருக்கிறது, திரும்பிவிடலாம் என்றேன்.

"காய்ச்சலா? பாவம். பழம் வாங்கிட்டுப் போவோம்."

உண்மையாகவே நிறுத்தி ஆரஞ்சு வாங்கினார். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கியதும் எங்கே என்று மட்டும் கேட்டார். கையைக் காட்டினேன்.

அண்ணன் சட்டை இல்லாமல், வாயில் பல் தூரிகையோடு கதவைத் திறந்தான். அப்பா பையை நீட்டினார்.

"டீச்சர், காய்ச்சல் எப்படி இருக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் உறுமியத் தோள்ல மாட்டுனேன்டா. ஜெயராஜ்தான் புடுங்கிட்டான். துக்கக்காரன் மேளத் தோல்ல கை வைக்கக் கூடாதாம். அவன் சொன்னது முறைதான். ஆனா என் கை..."

கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"ஏன்ப்பா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? கத்துன."

நான் ஆரஞ்சு உரித்தேன். மூன்று பேரும் தின்றோம். நல்ல புளிப்பு.

ஜூலை 13

திருவிழாவில் அந்தப் பாட்டு கிடையாதாம். "அது சாமிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டார். செலாயாங்காரன் அடித்துவிடுவானே என்று ஜெயராஜ் அண்ணன் புலம்புகிறார். நான் வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

ஜூலை 20

சாவு மேளத்தை வீட்டில் அடிக்க மாட்டார்கள். அதனால் அம்மாவின் சாம்பலைக் கரைத்த கடலோரத்துக்குப் போனோம், மூன்று பேர் மட்டும். தூண்டில் போட்டிருந்த ஒரு சீன அங்கிள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா தண்ணீரைப் பார்த்து நின்று அடித்தார். வீட்டில் இவ்வளவு நாள் கேட்டதெல்லாம் வெறும் பழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. தோள் குலுங்கியது, தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. அண்ணன் பதிவு செய்யப் போனை எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சீன அங்கிள் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

திரும்பும்போது அப்பா அண்ணனை எங்கே இறக்கிவிடுவது என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நான் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வேன் வீட்டு வாசலில் நின்றதும் அண்ணன் இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டான். அப்பா வண்டியை உள்ளே விட்டார்.