செல்வம் வைத்த சுருதி

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். சங்கராபுரத்தில் பிராக்டிஸ், உரக்கடை மாடி. ஃபேன் ஓடவில்லை.

இந்த ராக் பேண்டில் நான் பாட வந்து ஆறு மாதம். எனக்கு முன்னால் செல்வம். துபாய் போய்விட்டான். ஆள் போயும் அவன் சுருதி போகவில்லை. எல்லாப் பாட்டும் இன்னும் ஆம்பளைக் குரலுக்கான அந்த ஒன்றரைக் கட்டையில்தான். கீழே பாடினால் எனக்கு வெறும் காற்று. மேலே போனால் கத்தல். ஏற்றி வாசிக்கச் சொல்லி மறுபடி கேட்டேன். கிடார் பாபு அண்ணன்தான் இங்கே எல்லாம். கை பழகிவிட்டதாம். மாற்றினால் பாட்டின் கெத்து போய்விடுமாம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். செல்வம் இப்பிடியா கேட்டுக்கினு இருந்தான்?"

டிரம்ஸ்காரன் சிரித்தான். வெள்ளிமலைத் திருவிழாவில் நான் பாடுவதைப் பார்த்துவிட்டு, என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவாம்.

ஜூலை 23, புதன்

வாங்க: பனங்கற்கண்டு, சேஃப்டி பின், அம்மாவுக்குத் தைலம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர், என் காதில் விழட்டும் என்றே: "முன்ன ஒருத்தன் பாடிக்கினு இருந்தானே, அவன் பாடுனதுதான்டா பாட்டு. இது இன்னா, கீச்சு கீச்சுன்னு."

ஷேர் ஆட்டோ ஏறாமல் வீடுவரை நடை. செருப்பு வார் அறுந்தது. செல்வத்தின் பழைய வீடியோ பார்த்தேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறான், பாவி. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூலை 26, சனி

செல்வம் லீவில் வந்திருக்கிறான். நாளை வெள்ளிமலை மேடையில் ஒரு பாட்டு பாடுவானாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை, தகவல் சொன்னார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

வெள்ளிமலை. தூறல். வேனில் வளைவுக்கு வளைவு ஸ்பீக்கர் பெட்டி என் முழங்காலில்.

நான் மூன்று பாட்டு. ஏதோ கைதட்டல். பிறகு செல்வம். ஒரே விசில். ஆள் பெருத்துவிட்டான். குணம் மோசமில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தான். முதல் வரியிலேயே மேலே எட்டாமல் குரல் உடைந்தது. மைக்கைப் பொத்திக்கொண்டு பாபு அண்ணனிடம் திரும்பினான்.

"எட்டலண்ணா. ஒரு கட்ட எறக்கு."

அவர் கை தானாக நகர்ந்தது. பாட்டு ஓடியது. ஜனம் ஆடியது. கெத்து எங்கும் போகவில்லை. கூடமும் கோணலாகவில்லை.

ஆறு மாதம் என் தொண்டையைக் குறை சொன்ன ஆட்கள்.

அடுத்தது என் பாட்டு. பாபு அண்ணன் அதே பழைய சுருதியில் ஆரம்பித்தார். நான் வாயே திறக்கவில்லை. தொடக்க இசையை இரண்டு தடவை வாசித்துவிட்டு நிறுத்தினார். நான் மைக்கைப் பொத்தவில்லை.

"எனக்கும் எட்டலண்ணா. அஞ்சு கட்டைக்கு ஏத்துங்க."

மலை முழுக்கக் கேட்டிருக்கும். ஏற்றினார்.