செல்போனை விட்டுவிட்டு வந்த மந்திரி

அண்ணே,

இன்று காலை கம்பெனி வாசலில் செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றும்போது உங்கள் நினைப்பு வந்துவிட்டது. ஒரு பொறி, ஓர் உரசல் போதும், வெடித்துவிடும்; அதனால் பட்டாசு மருந்து அறைக்குள் போனும் கூடாது, செருப்பும் கூடாது, ஓட்டமும் கூடாது. ஒரு காலத்தில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வெறுங்காலோடு வேலை பார்த்தவர்கள்தானே.

பிறகு நீங்கள் சங்கத்துக்குப் போனீர்கள், சட்டசபைக்குப் போனீர்கள், மந்திரியும் ஆனீர்கள். மொடமொடவென்று கஞ்சி போட்ட வேட்டியோடு இருக்கன்குடித் திருவிழாவுக்கு வந்தபோது, "இருக்குற கஞ்சியையெல்லாம் வேட்டிக்கே ஊத்திட்டா, குடிக்க என்னண்ணே செய்வீக?" என்று கேட்டேன். கூட வந்த போலீஸ்காரர் முறைத்தார். நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள்.

அப்புறம் அந்தக் கிளர்ச்சி வந்தது. அடுத்தடுத்த விபத்துகளுக்குப் பிறகு, பாதுகாப்பு கேட்டு நாங்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் மாநிலமெங்கும் பரவியது. பத்திரிகைகள் புரட்சி என்று எழுதின. எங்களுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. வயிறு எரிந்தது, அவ்வளவுதான். சாத்தூர் பக்கம் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தோம். எதிரே தடியும் துப்பாக்கியுமாகப் போலீஸ். என் மகள் முதல் வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "உங்க அண்ணன் மந்திரி எங்கேம்மா?" என்று என்னையும் பார்த்துக் கத்தினாள்.

நீங்கள் வந்தீர்கள். காரை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, போனை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, மெதுவாக நடந்து வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தீர்கள். மந்திரி கூட்டத்துக்குள்ளே இருக்கும்வரை போலீஸ் எங்கள்மேல் கை வைக்க முடியாது. உங்களை வெளியே வரச் சொல்லி மேலிடத்திலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. ஓர் அதிகாரி போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். நீங்கள் உட்கார்ந்தபடியே கையைக் காட்டி அவரை நிறுத்தினீர்கள்.

"அய்யா, மருந்து ரூமுக்குள்ள போனைக் கொண்டு வராதீக. ஓடியும் வராதீக."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. கையில் கல் வைத்திருந்தவர்களும் சிரித்தார்கள். பொழுது சாயும் முன்னே பேச்சுவார்த்தைக்குச் சம்மதம் வந்தது. போலீஸ் வண்டிகள் திரும்பிப் போயின.

மறு வாரமே உங்கள் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள். பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். "எம்புட்டுக் கஷ்டப்பட்டு ஏறுன இடம், இப்படிப் போச்சேண்ணே" என்று அழுதேன்.

"நாற்காலிதான தங்கச்சி போச்சு. பிள்ளைக அம்புட்டும் வீடு வந்து சேந்துருச்சில்ல?"

சேர்ந்துவிட்டது, அண்ணே. போன ஐப்பசியில் நீங்கள்தான் எங்களை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டீர்கள். என் மகள் இன்னும் மாறவில்லை. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் தெரு முழுக்கக் கேட்க என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். நீங்கள் மிச்சம் வைத்துக் கொடுத்த சத்தம் இது, நன்றாகக் கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.