எடை ஆய்வாளரின் எடை

மார்ச் 3

மகள் வீட்டில் சொகுசாக இருக்கும் என் மனைவிக்கு,

நலம். நீ இல்லாமல் நான் நாசமாய்ப் போய்விடுவேன் என்று எண்ணியிருந்தால் ஏமாந்தாய். காலையில் டீயும் ரொட்டியும், இரவில் ரொட்டியும் டீயும். மாடு மாதிரி மூன்று வேளையும் அசைபோடுகிற வயதா இது?

ஊர்தான் கெட்டுவிட்டது. தையற்காரன் தைத்த பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கடிகாரக் கடைக்காரன் போட்ட வார் முழங்கை வரை ஓடுகிறது. பல்செட் வாய்க்குள் தாளம் போடுகிறது. பல் மருத்துவன் அளவெடுத்த லட்சணம் அப்படி. கீழ்வீட்டு அம்மாள், "என்ன சார், பாதியா இளைச்சிட்டீங்களே!" என்று வாயைப் பிளக்கிறாள். பொறாமை. அவள் சுற்றளவு அப்படி.

கட்டில் காலில் இடித்த காயம்தான் ஆற மாட்டேன் என்கிறது. மருந்துக்கடைக்காரனும் திருடன்.

உன் கணவன்
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)


மார்ச் 11

மதிப்புக்குரியவருக்கு,

தையற்காரன், கடிகாரக்காரன், பல் மருத்துவர், மருந்துக்கடைக்காரன் எல்லாரும் கூட்டம் போட்டு உங்களைக் கவிழ்க்க முடிவெடுத்தார்களாக்கும்! ஊருக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். பேன்ட் பெரிதாகவில்லை. உள்ளே இருக்கிற ஆள் சுருங்கிவிட்டார்.

சம்பந்தியம்மாளுக்கும் சென்ற வருடம் இப்படித்தான். வளையல் கழன்று விழுந்தது, எழுந்தால் தலை சுற்றியது. "வயசானா மெலியத்தானே செய்வாங்க" என்றோம். டாக்டர் எங்களை வறுத்தெடுத்துவிட்டார். "சும்மா யாரும் மெலிய மாட்டாங்கம்மா. நோயா இருக்கணும், இல்ல பட்டினியா இருக்கணும். வயசானவங்களுக்குப் பசி சரியா எடுக்காது. பசிக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது." ஒரே மூச்சில் இறங்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை தரச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முட்டையோ பாலோ பருப்போ ஏதாவது ஒன்று. காயம் ஆறாததும் இதனால் இருக்கலாம்.

போய் உங்கள் எடையைப் பாருங்கள். அடுத்தவன் தராசை முறைத்தது போதும்.

உங்கள் மகளின் தாய்


மார்ச் 20

எல்லாம் தெரிந்தவளுக்கு,

உன் வாயை அடைக்கவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் சொன்ன எடையைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். "இந்த மெஷினைச் சோதிச்சு எப்ப முத்திரை போட்டீங்க?" என்றேன். திருதிருவென்று விழித்தாள். விடுவேனா? மறுநாள் வீட்டிலிருந்து என் முத்திரை போட்ட எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் அங்கங்கே உட்கார வேண்டியிருந்தது, வெயில். வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை.

இயந்திரம் சரி.

டாக்டருக்கு நம் பேரன் வயதுதான் இருக்கும். "நேத்து என்ன சாப்பிட்டீங்க, தாத்தா?" என்று போலீஸ்காரன் மாதிரி விசாரித்தான். தாத்தாவாம்! ரத்தம் எடுத்துப் பார்த்தான். நோய் ஒன்றும் இல்லையாம், பட்டினியாம். ஓய்வூதியம் வாங்குகிற எனக்கு!

ஆகவே கிளம்பி வா. பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது புருஷன் பட்டினி என்றால் ஊர் உன்னைத்தான் காறித் துப்பும்.

உன் கணவன்


மார்ச் 27

ஆய்வாளர் அவர்களுக்கு,

வர மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருவாள். பல்செட்டைச் சரிசெய்ய அழைத்துப்போவாள். கீழ்வீட்டு அம்மாளிடம் பேசிவிட்டேன். மதியம் அவர்கள் வீட்டில், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தனியாக விட்டால் தட்டையே ஏமாற்றுவீர்கள். "சாருக்கு மூஞ்சியைத் தூக்கத்தான் தெரியும், எங்க வீட்டுல அது செல்லாது" என்று அவள் சிரித்தாள். முட்டை வேகவைக்கத் தண்ணீரும் நெருப்பும் போதும். இரண்டும் உங்கள் வீட்டில் உண்டு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. சம்பந்தியம்மாளுக்கு முன்பே எனக்கு இது நடந்தது. அங்கிருந்து கிளம்பிய வருடம் என் ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்தேன். மோதிரத்தில் நூல் சுற்றினேன். நீங்கள் சாப்பிட்டு, குறை சொல்லி, கை கழுவிய பிறகு அடுப்படியில் நின்றபடி மிச்சத்தை விழுங்கியவள் நான். ஒரு கிராம் குறைந்தாலும் கடைக்காரன் சட்டையைப் பிடித்தவர் நீங்கள். எதிரே நின்று பரிமாறியவள் பாதியாய்ப் போனது உங்கள் கண்ணில் படவே இல்லை.

இங்கே வந்த பிறகுதான் உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. அதை அங்கே கொண்டுவந்து கரைக்க எனக்கு மனமில்லை.

மகள் தட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிறாள். சோறு ஆறும் முன் போகிறேன்.

நான்