நாலு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது

மார்ச் 3, ஞாயிறு
அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். வழக்கம்போல் காலை பத்து மணி. அந்த நேரத்தில் முதியோர் இல்லத்தில் எல்லாரும் குளித்து, பவுடர் பூசி, தலைவாரி உட்கார்ந்திருப்பார்கள். அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். மறதி நோய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகும் அந்த வேலையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், “முன்னாடி போம்மா, உள்ள எவ்வளவு இடம் கெடக்கு!” என்றார். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தபால்காரர் சிரித்தார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் அவருக்கு அதுதான் பெயர். “எனக்கு நேத்தே டிக்கெட் கிழிச்சுட்டாரும்மா. இன்னும் இறக்கிவிடல.”

கிளம்பும்போது அப்பா தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். இன்னொரு டம்ளர் கேட்டார். மூன்றாவதும். குடித்ததை மறந்துவிட்டுக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 10, ஞாயிறு
அப்பாவின் மணிக்கட்டில் கறுத்த கோடு. இரண்டு கையிலும். ஆயாவிடம் கேட்டேன். “கட்டில் கம்பில இடிச்சுக்கிட்டாரும்மா. அவர் அடம் உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

இரண்டு கையிலும் ஒரே இடத்தில் எப்படி இடிக்கும்? பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். வீட்டில் துணி ஊறவைத்திருந்தேன். போகவில்லை.

மார்ச் 13, புதன்
நான் வேலை பார்க்கும் லேபில் மெஷின் பழுது. சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ஐந்து மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் இல்லத்துக்குப் போனேன்.

அப்பா நாற்காலியில். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்த துணி. அதில் இரண்டு கையையும் நாற்காலிக் கையோடு கட்டியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. கால்சட்டையில் காய்ந்த சிறுநீர்க் கறை, கடுந்தேநீர் நிறத்தில்.

முடிச்சை அவிழ்க்க வரவில்லை எனக்கு. பல்லால் கடித்து இழுத்தேன். தபால்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “நாலு மணிக்கு மேல தண்ணி கிடையாதும்மா. குடிச்சா நனைச்சிடுவோம்ல.”

“எங்கிட்ட ஏன் ஐயா சொல்லல?”

“நீ அரை மணி நேரத்துல போயிடுவ. அப்புறம் நாங்க அவங்களோடதான இருக்கணும்.”

ஆயா ஓடிவந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு. “பத்தொம்பது பேரு. சாயங்காலத்துல நான் ஒருத்தி. ஒருத்தருக்கு ஊட்டறப்ப இன்னொருத்தர் எழுந்து விழறாரு. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க!”

மேலாளர் அறைக்குப் போனேன்.

மேலாளர் கோபப்படவில்லை. அப்பாவின் ஃபைலை எடுத்து என் முன்னால் விரித்தார். “தேவைப்படும்போது பாதுகாப்புக் கருதிக் கட்டுப்படுத்தச் சம்மதம்.” கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே யாரோ எழுதிவைத்திருந்தார்கள்: “மகள் சொன்னது – கண்டிப்பாக நடத்தவும்.”

சொன்னேன். சேர்த்த அன்று, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மார்ச் 14, வியாழன்
நேற்று இரவே அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உடம்பில் நீரே இல்லை, சிறுநீரகம் பாதித்திருக்கிறது. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்.

“நேத்துக்கு முன்னாடி எப்ப பார்த்தீங்க?” என்றார் டாக்டர்.

“ஞாயித்துக்கிழமை.”

“முதுகைத் திருப்பிப் பார்த்தீங்களா?”

இல்லை. பவுடர் பூசியிருந்ததைப் பார்த்தேன். தலை வாரியிருந்ததைப் பார்த்தேன். நாள் முழுக்க ஊரார் சிறுநீரைப் பரிசோதித்து முடிவு எழுதித் தருகிறவள் நான். பெற்ற அப்பன் தாகம் என்று சொன்னது என் காதில் ஏறவில்லை.

மார்ச் 17, ஞாயிறு
அண்ணன் வெளியூரிலிருந்து போன் செய்தான். “அப்பாவை வெளிய கொண்டு வந்தாச்சுல்ல, அதோட விடு. புகார் கொடுத்தா உன் கையெழுத்தைத்தான் முதல்ல தூக்கிக் காட்டுவாங்க.”

அதுதான் எனக்கும் பயம். அப்பாவுக்காக அல்ல. எனக்காக.

மார்ச் 19, செவ்வாய்
புகார் எழுத உட்கார்ந்தேன். தேதி மட்டும் எழுதினேன்.

மார்ச் 21, வியாழன்
அப்பாவின் துணிமணிகளை எடுத்துவர இல்லத்துக்குப் போனேன். அவர் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். தபால்காரர், “அப்பா எப்படி இருக்காரு?” என்று கேட்டார்.

“தேவலை ஐயா.”

“நல்லவேளை, அவராவது இறங்கிட்டாரு.” சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். கேட்க அவருக்கு ஆளில்லை என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சமூகநல அலுவலகத்துக்குப் புகாரை எழுதினேன். நாலு பக்கம். என் கையெழுத்து விஷயத்தை முதல் பக்கத்திலேயே எழுதினேன். காலையில் போகாதீர்கள், சொல்லிவிட்டும் போகாதீர்கள், சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள் என்று முடித்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி
புகாரைப் பார்த்து அதிகாரிகள் இல்லத்துக்குப் போயிருக்கிறார்கள். சரியாக ஐந்துக்கு. இன்னும் மூன்று பேர் கட்டப்பட்டிருந்தார்களாம். இப்போது சாயங்காலத்தில் மூன்று ஆயாக்கள், கட்டிலுக்குக் கட்டில் தண்ணீர்க் குடுவை. தபால்காரருக்கு நடக்க ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி என்னிடம், “நீங்களாவது சொன்னீங்களே” என்றார். எனக்குக் கூசியது. “தழும்பைப் பார்த்துப் பதினோரு நாள் சொல்லாம இருந்தேன் சார்” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த ஆயாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். படிவத்தை அச்சடித்த மேலாளர் அதே நாற்காலியில் இருக்கிறார். கையெழுத்துப் போட்டவளும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 20, சனி
அப்பா வீட்டுக்கு வந்தாயிற்று. லேபில் அரைநாள் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்துகொள்கிறாள். இனி எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்று அண்ணனிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 29, திங்கள்
இன்றைக்கு நாலு தடவை விரிப்பு மாற்றினேன். முதுகு விட்டுப்போயிற்று.

மே 6, திங்கள்
எழுதத்தான் வேணும். எழுதாம விட்டா நடக்கலன்னு ஆயிடும்.

மூணாவது தடவை நனைச்சார். மாத்தப் போனா என்னைப் பிடிச்சுத் தள்ளினார். “சும்மா இருப்பா! சும்மா இருன்னா இரு!”ன்னு கத்தினேன். கையைப் பிடிச்சேன். பிடிச்சு – இறுக்கினேன். அப்பா என்னை அண்ணாந்து பார்த்து, “அடிக்காதீங்கம்மா” என்றார்.

நீங்க-ன்னு சொன்னார். என்னை.

விட்டுட்டேன். ஆனா அது மட்டும் இல்ல. மத்தியானம் தண்ணி கேட்டப்ப அரை டம்ளர்தான் கொடுத்தேன். தெரியாமயா? இல்ல. தெரிஞ்சுதான். விரிப்பு காயலையேன்னு.

அந்த ஆயாவுக்குப் பத்தொம்பது பேர். எனக்கு ஒருத்தர்.

முழு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். அப்புறம் அண்ணனைக் கூப்பிட்டேன். “எனக்குப் பயமா இருக்குடா.”

“அப்பாவுக்கு என்ன?”

“அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. என்னை நினைச்சுத்தான் பயம்.” கத்தியது, இறுக்கியது, அரை டம்ளர் – எல்லாவற்றையும் சொன்னேன். “வெள்ளிக்கிழமை வரேன்” என்றான்.

மே 12, ஞாயிறு
அண்ணன் வெள்ளிக்கிழமை வந்தான். மாதத்தில் பத்து நாள் அவன் இங்கே. மற்ற நாட்களில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒரு நர்ஸ் வருவார், நேற்றே பேசிவிட்டான்.

இன்று மதியம் அப்பா அறையிலிருந்து வெளியே வந்தான். சட்டையெல்லாம் ஈரம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். “நீ எப்படிடி இத்தனை நாள் தனியா...” என்று ஆரம்பித்தான்.

உள்ளே விரிப்பைக் கோணல்மாணலாக விரித்திருந்தான். ஒரு மூலை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. எழுந்து போய்ச் சரிசெய்யக் கை பரபரத்தது. போகவில்லை. என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். விழித்தபோது சாயங்காலம் ஆறு மணி.